அழ வைக்கப்படும் தத்துவவாதிகள்

இர்வின் யாலோம் எழுதிய மூன்று நாவல்களின் தலைப்புகளில் தத்துவவாதிகளின் பெயர்கள் இருக்கின்றன. ‘நீட்ஷே அழுதபோது’ 1992இல் வந்தது. ‘ஷோப்பன்ஹவர் சிகிச்சை’ 2005இல். ‘ஸ்பினோசா சிக்கல்’ 2012இல். யாலோம் அடிப்படையில் மருத்துவர். ரஷ்யாவிலிருந்து வந்து வாஷிங்டனில் மளிகைக்கடை வைத்துப் பிழைத்த யூதப் பெற்றோருக்கு 1931இல் பிறந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியரானவர். குழு சிகிச்சை பற்றி அவர் 1970இல் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்ட பாடநூல். மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை ஆகிய நான்கும்தான் மனிதத் துயரத்தின் அடியில் கிடக்கின்றன என்பது 1980இல் வெளியான ‘இருத்தலியல் உளச்சிகிச்சை’யில் அவர் வைத்த வாதம். அந்த வாதத்தைக் கதையாக்கிப் பார்க்கும் முயற்சிகள்தான் இந்த நாவல்கள்.

உளச்சிகிச்சையும் தத்துவமும் கலந்த நாவல் என்றதும் இவர் பெயர் முதலில் வருவது நியாயமே. ஆனால் இந்த நாவல்களை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள்: தத்துவம் எளிமையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, கதை விறுவிறுப்பாகப் போகிறதா. இரண்டுக்கும் ஆம் என்று சொல்லிவிடலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. சிகிச்சை அறைக்குள் நுழையும் தத்துவத்துக்கு அங்கே என்ன தகுதி கொடுக்கப்படுகிறது? அது நோயாளியாக உட்கார வைக்கப்படுகிறதா, அல்லது மருத்துவரைத் திருப்பிக் கேள்வி கேட்கும் உரிமையோடு உட்காருகிறதா?

யாலோம் தரப்பு நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தத்துவம் உயிரின் நோய்க்கு மருந்து என்ற எண்ணம் அவர் கண்டுபிடித்ததல்ல. எபிகூரஸும் ஸ்டோயிக்குகளும் அப்படித்தான் நினைத்தார்கள். தத்துவவாதியின் வாழ்க்கையைக் கிளறிப் பார்ப்பது அநாகரிகம் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பெரிய தத்துவமும் அதை எழுதியவர் தன்னையறியாமல் எழுதிய சுயசரிதை என்ற பொருளில் 1886இல் எழுதியவர் நீட்ஷேயேதான். ஆகவே நீட்ஷேயை மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வைத்ததற்காக யாலோமைக் கண்டிக்க எனக்கு விருப்பமில்லை. படுக்க வைத்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

‘நீட்ஷே அழுதபோது’ நாவலின் கதை 1882இல் நடக்கிறது. லூ சலோமே என்ற இருபத்தொரு வயது ரஷ்யப் பெண், வியன்னாவின் புகழ்பெற்ற மருத்துவர் யோசெஃப் பிராயரை வெனிஸில் சந்தித்து, தன்னால் மனமுடைந்துபோன ஒரு நண்பரைக் காப்பாற்றக் கேட்கிறாள். அந்த நண்பர்தான், அப்போது வாசகரே இல்லாத எழுத்தாளரான ஃப்ரீட்ரிஷ் நீட்ஷே. அவருடைய ஒற்றைத் தலைவலிக்கு மருத்துவம் பார்க்கலாம். மனத்தைத் தொட அவர் விடமாட்டார். பிறரிடம் உதவி பெறுவதையே அதிகாரத்துக்கு அடிபணிவதாகக் கருதுகிற மனிதர். எனவே பிராயர் ஓர் ஒப்பந்தம் போடுகிறார்: நான் உங்கள் உடம்பைப் பார்க்கிறேன், நீங்கள் என் விரக்தியைத் தீர்த்துவையுங்கள். தந்திரமாகத் தொடங்கியது உண்மையாகிவிடுகிறது. பெர்த்தா என்ற இளம் நோயாளியின் நினைவிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் நாற்பது வயது பிராயர், நாளாக ஆக நிஜமாகவே நீட்ஷேயின் நோயாளியாகிவிடுகிறார்.

இந்த ஏற்பாடு பிரமாதமானது. யார் மருத்துவர், யார் நோயாளி என்பது ஒவ்வொரு சந்திப்பிலும் இடம் மாறுகிறது. சந்திப்பு முடிந்ததும் இருவரும் தனித்தனியே எழுதும் குறிப்புகள் பக்கம்பக்கமாக வைக்கப்படுகின்றன. ஒரே உரையாடலில் ஒவ்வொருவரும் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருப்பது அதில் தெரிகிறது. நீட்ஷே முதலில் முரட்டு வைத்தியமெல்லாம் செய்து பார்க்கிறார். பெர்த்தாவின் குறைகளைப் பட்டியலிடச் சொல்கிறார், நினைவு வரும்போது கத்தச் சொல்கிறார். எதுவும் பலிப்பதில்லை. தொடக்கநிலை மருத்துவர் ஒருவர் செய்யும் அத்தனை பிழைகளையும் நீட்ஷே செய்கிறார். தன் மாணவர்களிடம் யாலோம் எத்தனையோ முறை பார்த்திருக்கக்கூடிய பிழைகள் இவை. அதனால்தான் இந்தப் பக்கங்களில் உயிர் இருக்கிறது.

நாவலின் உச்சம் இதற்கு அப்புறம் வருகிறது. பிராயரின் தாய் பெயரும் பெர்த்தாதான்; அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது இறந்துபோனவள். பெர்த்தா மீதான மோகத்துக்குள் முதுமையும் மரணமும் பற்றிய அச்சம் ஒளிந்திருக்கிறது என்று புரிந்த பிறகு, நீட்ஷே தன் மிகக் கனமான சிந்தனையை எடுத்து வைக்கிறார்: இதே வாழ்க்கை, இதே வரிசையில், எண்ணற்ற முறை திரும்ப வரும் என்றால் அதற்குச் சம்மதிப்பாயா? அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ‘களிப்பறிவியல்’ நூலின் கடைசிப் பகுதியில் வரும் நித்திய மீள்வருகைச் சோதனை அது. பிராயருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. வீட்டுக்குப் போய் மனைவி மத்தில்டேயிடம் எல்லாவற்றையும் விட்டுப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார். பெர்த்தா இருக்கும் மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கிறார். தன்னிடம் எப்படி நடந்துகொண்டாளோ அதே பார்வை, அதே சொற்களோடு அவள் இன்னொரு மருத்துவரிடம் நடந்துகொண்டிருக்கிறாள். இத்தாலிக்குப் போய்த் தாடியை மழிக்கிறார். கண்ணாடியில் தெரியும் முகம் ஒரு கிழவனுடையது. அங்கே ஃப்ராய்டின் குரல் கேட்கிறது. இத்தனையும் நண்பர் ஃப்ராய்ட் செய்த ஹிப்னாஸிஸில் நடந்தது என்று அப்போதுதான் வாசகருக்குத் தெரிகிறது. கண் விழிக்கும் பிராயர் தன் பழைய வாழ்க்கையையே தேர்ந்தெடுக்கிறார், முதல்முறையாக.

யாலோமின் புனைவுகளில் தத்துவம் தானே ஒரு நிகழ்ச்சியாகிற ஒரே இடம் என்று இதைச் சொல்வேன். நித்திய மீள்வருகை இங்கே விளக்கப்படவில்லை, மேற்கோளாக நீட்டப்படவும் இல்லை. ஒரு மனிதனை வீட்டைவிட்டுத் துரத்தித் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. சிகிச்சையைச் செய்தது ஃப்ராய்டின் ஹிப்னாஸிஸா, நீட்ஷேயின் கேள்வியா என்று பிரிக்க முடியாது. உளச்சிகிச்சையும் தத்துவமும் இங்கே நிஜமாகவே கலந்திருக்கின்றன.

இதோடு நாவல் முடிந்திருந்தால் என் தீர்ப்பு சுலபமாக இருந்திருக்கும். ஆனால் நீட்ஷே அழ வேண்டுமே. பிராயர் குணமானதும் நீட்ஷேயின் முறை வருகிறது. லூ சலோமே பற்றிய உண்மைகள் வெளிப்படுகின்றன, தனிமை உடைகிறது, கண்ணீர் பெருகுகிறது, இவ்வளவு காலம் அடைபட்டுக் கிடந்தது வெளியே வருகிறது. உணர்ச்சிகரமான காட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சிந்தனைக்கும் இன்னொரு சிந்தனைக்கும் நடந்துவந்த போட்டி இந்த இடத்தில் நிறுத்தப்பட்டு, அணைப்பும் நட்பும் பதிலாக வைக்கப்படுகின்றன. உதவி என்பதற்குள் அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்ற நீட்ஷேயின் சந்தேகம் நாவலின் முதல் பாதியில் பிராயரையே நிலைகுலையச் செய்த வலுவான வாதம். கடைசியில் அது காதல் தோல்வியில் காயப்பட்ட ஒருவரின் தற்காப்பு என்று ஆகிவிடுகிறது. வாதத்துக்கு மறுப்பு சொல்லப்படவே இல்லை. வாதித்தவர் அழுதுவிட்டார், அவ்வளவுதான். வரலாற்றை மதித்து யாலோம் அவரைத் தனியாகவே இத்தாலிக்கு அனுப்பி வைக்கிறார், ‘ஜரதுஷ்ட்ரா’ எழுத. அந்த நேர்மை பாதி சேதத்தைத்தான் சரிசெய்கிறது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நாவலின் இரண்டு பெண்களைப் பாருங்கள். மருத்துவ வரலாற்றில் ‘அன்னா ஓ’ என்ற பெயரில் நிலைத்த பெர்த்தா பாப்பன்ஹைம்தான், பிராயர் தனக்குச் செய்த சிகிச்சைக்குப் பேச்சு சிகிச்சை என்று பெயர் வைத்தவர். பிராயரின் சிகிச்சை 1882 ஜூனில் முடிந்தபோது அவர் குணமாகியிருக்கவில்லை. அடுத்த மாதமே கிராய்ட்ஸ்லிங்கன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், மார்ஃபின் பழக்கத்தோடு. வரலாற்றாய்வாளர் ஹென்றி எல்லன்பெர்கர் 1972இல் வெளியிட்ட ஆவணங்கள் இதை உறுதிசெய்தன. பிராயரின் குழந்தையைச் சுமப்பதாக அவர் கற்பனைப் பிரசவ வேதனையில் துடித்தார், பயந்துபோன பிராயர் மனைவியோடு வெனிஸுக்கு ஓடினார், அங்கே உருவான குழந்தைதான் கடைசி மகள் டோரா என்று ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் எர்னஸ்ட் ஜோன்ஸ் எழுதிய கதையும் தேதி பார்த்தால் நிற்காது. டோரா பிறந்தது 1882 மார்ச்சில், சிகிச்சை முடிவதற்கு முன்பே. எல்லன்பெர்கருக்கு இருபது ஆண்டுகள் கழித்து எழுதும் யாலோம் கற்பனைப் பிரசவக் கதையையே எடுத்துக்கொள்கிறார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையால் கிடைத்தது என்ன? 1904இல் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவி, கடத்தி விற்கப்பட்ட பெண்களுக்காக வாழ்நாள் முழுக்கப் போராடிய ஒருவர், நாவலில் மருத்துவரின் பகல்கனவாக மட்டும் மிஞ்சுகிறார். லூ சலோமேயின் கதை இதைவிட வருத்தம் தருவது. 1894இல் நீட்ஷே பற்றி நூல் எழுதி, 1912–13இல் வியன்னாவில் ஃப்ராய்டிடம் பயின்று, பின்னாளில் தானே உளப்பகுப்பாய்வாளராகத் தொழில் செய்தவர் அவர். நீட்ஷேயின் தத்துவத்தையும் ஃப்ராய்டின் சிகிச்சையையும் தன் வாழ்க்கையிலேயே இணைத்த ஒரு மனுஷி வரலாற்றில் உண்டென்றால் அது லூதான். இரண்டையும் கலக்கவென்றே எழுதப்பட்ட நாவல், அவரை அழகும் சூழ்ச்சியுமான தூதுவராக்கி வாசலோடு அனுப்பிவிடுகிறது. பிராயர் பெர்த்தாவை ஒரு குறியீடாகப் பார்த்தது தவறு என்று கற்பிக்கும் நூலே அவளைக் குறியீடாக மட்டும் வைத்திருப்பதை எப்படி மன்னிப்பது?

‘ஷோப்பன்ஹவர் சிகிச்சை’ இன்னும் கட்டுக்கோப்பானது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர் ஜூலியஸ் ஹெர்ட்ஸ்ஃபெல்டுக்குத் தோல் புற்றுநோய். நல்ல ஆரோக்கியத்தோடு இன்னும் ஓர் ஆண்டு கிடைக்கலாம். தன் தொழில் வாழ்க்கையின் தோல்விகளை நினைத்துப் பார்க்கும் அவர், பல ஆண்டுகளுக்கு முன் தன்னால் குணப்படுத்த முடியாத ஃபிலிப்பைத் தேடிப் போகிறார். காம வேட்கைக்கு அடிமையாகக் கிடந்தவன் இப்போது அமைதியாக இருக்கிறான். தன்னைக் குணப்படுத்தியது ஷோப்பன்ஹவர் என்கிறான். தத்துவ ஆலோசகனாகப் போகிறேன், பயிற்சிச் சான்றுக்கு நீங்கள் வேண்டும் என்கிறான். ஆறு மாதம் என் குழுவில் உட்கார், பிறகு பார்க்கலாம் என்கிறார் ஜூலியஸ்.

இந்த நாவலில் அந்தக் குழுவின் கூட்டங்கள் அபாரமானவை. வெளியே நடந்ததைக் கதை சொல்லிக்கொண்டிருக்காமல், இந்த அறையில் இந்த நிமிஷம் ஒருவர்மீது ஒருவருக்கு என்ன தோன்றுகிறது என்பதைப் பேச வைப்பது யாலோமின் முறை. அது எப்படி வேலை செய்கிறது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு கண்கூடாகக் காட்ட முடியாது. யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி கச்சிதமான வாக்கியங்களில் பேசும் ஃபிலிப்பை, அதிகம் படிக்காத தச்சன் டோனி ஒற்றை வாக்கியத்தில் மடக்கும் இடங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை.

தத்துவத்தின் நிலைதான் இங்கே மோசம். இடையிடையே வரும் அத்தியாயங்கள் ஷோப்பன்ஹவரின் வாழ்க்கையைச் சொல்கின்றன: தற்கொலை என்று சந்தேகிக்கப்படும் தந்தையின் மரணம், மகனோடு ஒத்துப்போகாத எழுத்தாளர் தாய் ஜோஹன்னா, பெர்லினில் ஹெகலின் வகுப்பு நேரத்திலேயே தன் வகுப்பையும் வைத்து ஆளில்லாமல் போனது, ஃப்ராங்ஃபர்ட்டில் ‘ஆத்மா’ என்று பெயரிட்ட நாயோடு தனி வாழ்க்கை. எல்லாம் உண்மை. ஆனால் இவை அடுக்கப்படும் விதத்தில் ஒரு முடிவு மறைந்திருக்கிறது: அன்பில்லாமல் வளர்ந்தவன், ஆகவே வாழ்க்கை துன்பம் என்றான். அறத்தின் அடிப்படை பிற உயிரின்மேல் எழும் கருணை என்று வாதிட்டு, டென்மார்க்கின் அறிவியல் கழகத்துக்கு வந்த ஒரே கட்டுரையாக இருந்தும் 1840இல் பரிசு மறுக்கப்பட்ட ஷோப்பன்ஹவருக்கு இந்த நாவலில் எடையே இல்லை. முகலாய இளவரசர் தாரா ஷுகோ பாரசீகத்தில் மொழிபெயர்ப்பித்த உபநிடதங்கள் லத்தீன் வழியாக அவர் கைக்கு வந்ததும், அதில் அவர் கண்ட ஆறுதலும் வாழ்க்கைக் குறிப்புகளாகச் சுருங்கிவிடுகின்றன. குழுவைச் சேர்ந்த பாம் மனஅமைதி தேடி இகத்புரியில் கோயங்காவின் விபாசனா முகாமுக்கு வருகிறாள். பற்றைக் கழற்றச் சொல்லும் கீழைத் தத்துவத்தை அங்கே முழுபலத்தோடு எதிர்கொண்டிருக்கலாம். பாம் கொஞ்ச நாளில் மூட்டை கட்டிவிடுகிறாள். அதற்கான விலை தனக்கு அதிகம் என்று தோன்றிவிடுகிறது. ஒரு பெரும் மரபுக்குக் கொடுக்கப்பட்ட வாய்ப்பு அவ்வளவே.

இறுதியில் ஃபிலிப்பும் அழுகிறான். தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்த யாரும் தன்னை நேசிக்க முடியாது என்று உடைகிறான். ஒருகாலத்தில் அவனால் சீரழிக்கப்பட்ட பாமிடமிருந்தே அதற்கு மறுமொழி வருகிறது. மனத்தைத் தொடும் காட்சிதான். ஆனால் இரண்டாவது முறையாக ஒரு கேள்விக்குக் கண்ணீர் விடையாக வைக்கப்படுகிறது. பற்றுதான் துன்பத்தின் வேர் என்பது உண்மையா, இல்லையா? ஃபிலிப் தனிமையில் வாடியவன் என்பதால் அது பொய்யாகிவிடாது.

ஷோப்பன்ஹவரை வைத்து நாவலில் என்ன செய்யலாம் என்பதற்கு உதாரணம் இந்த நாவலுக்குள்ளேயே குறிப்பிடப்படுகிறது. சாகப்போகும் ஜூலியஸுக்கு ஆறுதலாக ஃபிலிப் தாமஸ் மன்னின் ‘புடன்புரூக்ஸ்’ பற்றிச் சொல்கிறான். 1901இல் வந்த அந்த நாவலில், சரிந்துகொண்டிருக்கும் வணிகக் குடும்பத்தின் தலைவர் தாமஸ், தற்செயலாகக் கையில் கிடைத்த புத்தகத்தில் மரணம் பற்றிய அத்தியாயத்தைப் படிக்கிறார். இரவில் படுக்கையில் விம்மி அழும் அளவுக்கு ஒரு பேரொளி. காலையில் எழுந்ததும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, அலுவல்கள் இழுத்துக்கொள்கின்றன, புத்தகம் மறுபடி திறக்கப்படுவதில்லை. சில காலம் கழித்துப் பல் மருத்துவரிடம் போய்விட்டுத் திரும்பும் வழியில் தெருவில் விழுந்து சாகிறார். தாமஸ் மறந்துவிட்டார் என்பதால் ஷோப்பன்ஹவர் தோற்கவில்லை, அவர் அழுதார் என்பதால் ஜெயிக்கவும் இல்லை. சிந்தனையும் மனிதனும் அவரவர் எடையோடு நிற்கிறார்கள். சில பக்கங்களில் மன் செய்ததை யாலோமால் ஒரு முழு நாவலில் செய்ய முடியவில்லை.

‘ஸ்பினோசா சிக்கல்’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்திலிருந்து விலக்கப்பட்ட ஸ்பினோசாவும், இரண்டாம் உலகப் போரில் அவருடைய நூலகத்தைக் கொள்ளையடித்த அமைப்பின் தலைவரான நாஜி சித்தாந்தி ஆல்ஃபிரட் ரோசன்பெர்கும் மாறிமாறி வருகிறார்கள். ரோசன்பெர்குக்கு ஃபிஸ்டர் என்ற கற்பனை மருத்துவர். வெறுப்பின் வேரைக் குழந்தைப் பருவத்தில் தேடும் அந்த மருத்துவரால் எதுவும் செய்ய முடிவதில்லை. நோயாளி 1946இல் நியூரம்பர்கில் தூக்கிலிடப்படுகிறான். சிகிச்சை தோற்கிறது என்பதை யாலோம் ஒப்புக்கொள்ளும் ஒரே நாவல் இது. அந்தத் தோல்வி மருத்துவரின் கோட்பாட்டை உலுக்கியிருக்க வேண்டும். அவரோ வருத்தப்படுவதோடு சரி. இரண்டு கதைகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பாத்திரங்கள் பேராசிரியருக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

சிந்தனையையும் மனிதரையும் அவரவர் எடையோடு நிறுத்தும் திறமை யாலோமுக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1989இல், முதல் நாவலுக்கு முன்பே, அவர் ‘காதலைக் கொல்பவன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். பத்து நோயாளிகளின் கதைகள், அடையாளம் மாற்றி எழுதப்பட்டவை. முதல் கதையில் தெல்மா என்ற எழுபது வயதுப் பெண்மணி. எட்டு ஆண்டுகளுக்கு முன் தன் சிகிச்சையாளனோடு இருந்த 27 நாள் காதலிலேயே இன்னும் வாழ்கிறாள். அது மாயை என்று காட்டிவிட்டால் விடுதலையாகிவிடுவாள் என்று நம்பி, யாலோம் அந்த மனிதனையே எதிரில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். மாயை கலைகிறது, அவளைத் தாங்கி நின்றதும் அதுதான் என்பது அப்போது புலப்படுகிறது. தெல்மா சிகிச்சையை விட்டுவிடுகிறாள். உண்மையை ஒரு மனம் எவ்வளவு தாங்கும் என்று நீட்ஷே கேட்ட கேள்வி இங்கே நீட்ஷே பெயரே இல்லாமல் கேட்கப்படுகிறது, மருத்துவரிடம் விடை இல்லை. இன்னொரு கதையில், மிகவும் பருமனான பெட்டி அறைக்குள் நுழையும்போது தனக்குள் எழும் அருவருப்பை அவர் மறைக்காமல் எழுதுகிறார். அறிந்தவர் என்ற ஆசனத்திலிருந்து மருத்துவர் இறங்கி நிற்கும் இந்தக் கதைகளில்தான் சுதந்திரமும் மரணமும் வெறும் தலைப்புகளாக இல்லாமல் ஆட்களாக நடமாடுகின்றன. நாவலுக்கு வந்ததும் யாலோம் மருத்துவரை ஜெயிக்க வைக்கத் தொடங்கிவிட்டார்.

மருத்துவரைத் தோற்கவிட்ட நாவல் ஒன்று யாலோமுக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. இதாலோ ஸ்வேவோவின் ‘ஜீனோவின் மனசாட்சி’, 1923. ட்ரியெஸ்ட் நகரத்து வணிகரான ஸ்வேவோ ஷோப்பன்ஹவரை ஊன்றிப் படித்தவர். அவருடைய மைத்துனர் ஃப்ராய்டிடமே சிகிச்சை பெற்றும் குணமாகாமல் திரும்பியதைக் கண்டவர். நாவலின் முன்னுரையை டாக்டர் எஸ் எழுதுகிறார்: சிகிச்சையைப் பாதியில் விட்டுப்போன நோயாளியைப் பழிவாங்கவே அவன் எழுதிய குறிப்புகளை வெளியிடுகிறேன் என்கிறார். உள்ளே ஜீனோ கடைசிச் சிகரெட்டைத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறான். சாகும் தறுவாயில் தந்தையின் கை தன் கன்னத்தில் விழுந்ததை நினைத்து நினைத்து மருகுகிறான். மருத்துவர் கண்டுபிடிக்கும் நோய்க்குப் பெருமைப்படவும் செய்கிறான், நம்ப மறுக்கவும் செய்கிறான். அவன் பொய் சொல்கிறானா என்று மருத்துவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வாழ்க்கையே ஒரு நோய், மற்ற நோய்களைப் போலின்றி இதற்கு மருந்து கிடையாது என்ற முடிவுக்கு ஜீனோ வரும்போது, அது பிடிவாதக்கார நோயாளியின் எதிர்ப்பா, கண்டடைந்த உண்மையா என்பதை ஸ்வேவோ திறந்தே விடுகிறார். ஷோப்பன்ஹவர் ஃப்ராய்டின் அறைக்குள் வந்து சரிசமமாக உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வகை நாவல்களில் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் ஜீனோவைப் படியுங்கள். யாலோமிடம் வருகிறவர்கள் ‘காதலைக் கொல்பவ’னில் தொடங்குங்கள், அவர் எழுதியவற்றில் இலக்கியமாக நிற்பது அதுவே. ‘நீட்ஷே அழுதபோது’ பிராயர் கண் விழிக்கும் அத்தியாயம் வரை முதல்தரம், அதற்கு மேல் நல்லெண்ணம். குழு சிகிச்சை படிக்கும் மாணவர் ‘ஷோப்பன்ஹவர் சிகிச்சை’யைத் தவறவிடக் கூடாது, ஷோப்பன்ஹவரைத் தேடுகிறவர் அதைத் தாண்டி ‘புடன்புரூக்ஸ்’ போகலாம். ‘ஸ்பினோசா சிக்க’லை விட்டுவிடலாம்.